கைக்கு அடங்கும் கைபேசி: சிறிய திரையின் வரவையும் இழப்பையும் அளந்து தேர்ந்தெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

2007-ஆம் ஆண்டு வெளிவந்த முதல் ஐஃபோனின் திரை 3.5 அங்குலம், அதன் அகலம் 61 மி.மீ., எடை 135 கிராம். நான்கு ஆண்டுகள் கழித்து, 2011-இல், சாம்சங் நிறுவனம் 5.3 அங்குலத் திரையும் ஏறக்குறைய 83 மி.மீ. அகலமும் கொண்ட கேலக்ஸி நோட்டை வெளியிட்டபோது, காதோடு ஒட்டிவைத்துப் பேச இத்தனை பெரிய கருவியா என்று பலரும் வியந்தார்கள். இன்றோ 6.3 அங்குலத் திரை கொண்ட கைபேசி ‘சிறிய’ வகையில் வைக்கப்படுகிறது. ஒரு கையால் இயக்கக்கூடிய, பையில் உறுத்தாமல் கிடக்கக்கூடிய கைபேசியை விரும்புவோர் ஒவ்வொரு புதிய வெளியீட்டின்போதும் ஒரே கேள்வியோடு நிற்கிறார்கள்: சிறியதை வாங்கினால் எதை இழக்கிறோம், அந்த இழப்பு நம் அன்றாடத்தில் உண்மையிலேயே உறைக்குமா?

அந்தக் கேள்விக்கு அளவுகோலையும் எளிய கணக்கையும் கொண்டு விடை காண்பதே இந்த வழிகாட்டியின் நோக்கம். திரையின் அங்குலக் கணக்கு என்ற ஒற்றை எண்ணை நம்பி வாங்குவதுதான் பெரும்பாலான ஏமாற்றங்களுக்குக் காரணம் என்பது என் உறுதியான கருத்து. கைக்குத் தெரிவது அகலமும் எடையும். கண்ணுக்குத் தெரிவது எழுத்தின் அளவும் வரிகளின் எண்ணிக்கையும். மாலை நேரத்தில் தெரிவது பேட்டரியில் மிச்சமிருப்பது. இவை ஒவ்வொன்றையும் தனித்தனியே அளந்து பார்த்த பிறகுதான் ஒரு கைபேசி நமக்குச் சிறியதா, போதுமானதா என்று சொல்ல முடியும்.

இப்போது கிடைப்பவை எவை

முதலில் சந்தையின் நிலையை ஏற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஆப்பிள் 2020-இல் ஐஃபோன் 12 மினியையும் 2021-இல் ஐஃபோன் 13 மினியையும் 5.4 அங்குலத் திரையோடு வெளியிட்டது; 2022-இல் மினியைக் கைவிட்டு, அந்த இடத்தில் 6.7 அங்குலத் திரை கொண்ட 14 பிளஸை வைத்தது. 4.7 அங்குலத் திரையோடு நீடித்துவந்த ஐஃபோன் எஸ்இ வரிசையும் 2025 பிப்ரவரியில், 6.1 அங்குல 16இ வந்ததோடு முடிவுக்கு வந்தது. ஆண்ட்ராய்டு பக்கத்தில் சோனி நிறுவனம் 2014-இல் எக்ஸ்பீரியா இசட்1 காம்பாக்டை 4.3 அங்குலத் திரையோடு கொண்டுவந்து, தன் உயர்நிலைக் கைபேசியின் திறனைச் சிறிய உடலில் அடைக்க முடியும் என்று காட்டியது. அந்த வரிசையும் இன்று இல்லை. அசூஸ் நிறுவனம் சென்ஃபோன் 8, 9, 10 ஆகிய மூன்றையும் 5.9 அங்குலத்தில் வைத்திருந்துவிட்டு, 2024-இல் சென்ஃபோன் 11 அல்ட்ராவை 6.78 அங்குலத்துக்குக் கொண்டுபோனது. பெபிள் கைக்கடிகாரத்தை உருவாக்கிய எரிக் மிகிகோவ்ஸ்கி, சிறிய ஆண்ட்ராய்டு கைபேசி வேண்டும் என்று கோரி 2022-இல் கையெழுத்து இயக்கமே நடத்தினார். ஆனாலும் பெரிய நிறுவனங்கள் அந்த அளவுக்குத் திரும்பவில்லை.

ஆகவே 2024, 2025 ஆண்டுகளின் வெளியீடுகளில் சிறியவை என்று சொல்லத்தக்கவை பெரும்பாலும் 6.1 முதல் 6.4 அங்குலத்துக்குள் இருக்கின்றன. சாம்சங் கேலக்ஸி எஸ்25 (6.2 அங்குலம், 162 கிராம்), ஐஃபோன் 17 (6.3 அங்குலம், 177 கிராம்), கூகுள் பிக்சல் 9 புரோ (6.3 அங்குலம், 199 கிராம்), ஒன்பிளஸ் 13எஸ் (6.32 அங்குலம், 185 கிராம்), விவோ எக்ஸ்200 எஃப்இ (6.31 அங்குலம், 186 கிராம்), ஷாவ்மி 15 (6.36 அங்குலம், 191 கிராம்) ஆகியவை அவற்றுள் அடங்கும். இந்தப் பட்டியலில் ஒரு செய்தி ஒளிந்திருக்கிறது: சிறியது என்பதால் எடையும் குறைவு என்று கொள்ள முடியாது. ஏறக்குறைய ஒரே அளவுள்ள எஸ்25-க்கும் பிக்சல் 9 புரோவுக்கும் இடையே 37 கிராம் வேறுபாடு இருக்கிறது. நீண்ட நேரம் கையில் பிடித்துப் படிப்பவரின் சுண்டுவிரலுக்கு அது நன்றாகவே தெரியும்.

முதல் படி: அங்குலத்தை விட்டுவிட்டு அகலத்தைப் பாருங்கள்

திரையின் அளவாகச் சொல்லப்படும் அங்குலம் என்பது ஒரு மூலையிலிருந்து எதிர் மூலை வரை உள்ள நீளம். திரையின் நீள அகல விகிதம் மாறினால், அதே அங்குலம் வேறொரு வடிவத்தைக் குறிக்கும். பழைய கைபேசிகளின் 16:9 விகிதத்தில் திரையின் அகலம் மூலைவிட்டத்தில் 49 விழுக்காடு. இன்று பரவலாக உள்ள 19.5:9 விகிதத்தில் அது 42 விழுக்காடு. சோனி எக்ஸ்பீரியா 5 வரிசையின் 21:9 விகிதத்தில் 39 விழுக்காடு. இதைப் போட்டுப் பார்த்தால், பழைய 5.5 அங்குலத் திரையின் அகலம் 68.5 மி.மீ. என்றும், புதிய 6.1 அங்குலத் திரையின் அகலம் ஏறக்குறைய 65 மி.மீ. என்றும் வரும். எண்ணில் பெரியதாகத் தோன்றும் புதிய திரைதான் அகலத்தில் குறுகியது. அது நீளத்தில் வளர்ந்திருக்கிறது. பழைய கைபேசியில் பொத்தானுக்கும் ஓரத்துக்கும் ஒதுக்கப்பட்ட இடத்தையும் விழுங்கியிருக்கிறது.

ஐஃபோன் எஸ்இ-ஐயும் 13 மினியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். எஸ்இ-யின் திரை 4.7 அங்குலம், உடல் 138.4 மி.மீ. உயரமும் 67.3 மி.மீ. அகலமும் கொண்டது, மினியின் திரை 5.4 அங்குலம், உடலோ 131.5 மி.மீ. உயரமும் 64.2 மி.மீ. அகலமும் மட்டுமே. இரண்டின் திரை அகலமும் ஏறத்தாழ 58 மி.மீ. தான். திரை எண்ணை மட்டும் பார்த்து ‘சிறியது எஸ்இ’ என்று முடிவு செய்திருந்தால், உண்மையில் சிறியதாக இருந்த கைபேசியைத் தவறவிட்டிருப்போம்.

எனவே ஒவ்வொரு புதிய கைபேசியின் விவரப் பட்டியலிலும் முதலில் தேட வேண்டியது உடலின் அகலம், அடுத்து எடை, அதற்குப் பிறகு உயரம். கட்டைவிரல் திரையின் எதிர் ஓரத்தைத் தொடுவதை அகலம் தீர்மானிக்கிறது; மேல் மூலையை எட்டுவதை உயரம் தீர்மானிக்கிறது. நடுத்தரமான கை உள்ளவருக்கு 72 மி.மீ. வரை அகலம் இருந்தால் ஒரு கையில் பிடித்துப் பெரும்பாலான வேலைகளைச் செய்யலாம் என்பதும், கையின் பிடியை மாற்றாமலே முழுத் திரையையும் ஆள விரும்பினால் 68 மி.மீ.க்குக் கீழே போக வேண்டியிருக்கும் என்பதும் என் கணிப்பு. பாதுகாப்பு உறை போட்டால் இரு பக்கமும் சேர்த்து 3 மி.மீ. அளவுக்கு அகலம் கூடும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்; கவனமாகத் தேர்ந்த 70 மி.மீ. அகலம் தடித்த உறையால் 73 மி.மீ. ஆகிவிட்டால், தேர்ந்தெடுப்பதற்குப் பட்ட பாடு வீணாகிவிடும்.

இரண்டாம் படி: அட்டையில் வெட்டிப் பாருங்கள்

எண்கள் மூளைக்குப் புரிந்தாலும் கைக்குப் புரிவதில்லை. வாங்க நினைக்கும் இரண்டு மூன்று கைபேசிகளின் உயரத்தையும் அகலத்தையும் அளவுகோலால் தடித்த அட்டையில் குறித்து வெட்டி, உண்மையான தடிமன் வரும்வரை அட்டைகளை அடுக்கி ஒட்டுங்கள். சமையலறைத் தராசு இருந்தால், நாணயங்களை உள்ளே வைத்து ஒட்டி எடையையும் சரிசெய்துவிடலாம். பிறகு அந்த அட்டையை ஒரு நாள் முழுவதும் பையில் வைத்துக்கொண்டு நடங்கள், உட்காருங்கள், மாடிப்படி ஏறுங்கள், படுத்துக்கொண்டு முகத்துக்கு மேலே பிடித்துப் பாருங்கள். ஒரு கையில் பையோ குடையோ இருக்கும்போது மறு கையால் பிடித்து, கட்டைவிரலால் நான்கு மூலைகளையும் தொட முயலுங்கள். சிறுபிள்ளை விளையாட்டுப் போலத் தோன்றினாலும், கடையில் திருட்டுத் தடுப்புக் கம்பி கோத்த மாதிரிக் கைபேசியை இரண்டு நிமிடம் தொட்டுப் பார்ப்பதைவிட இது பல மடங்கு உண்மையைச் சொல்லும்.

அப்போதே இன்னொன்றையும் கவனியுங்கள்: நீங்கள் உண்மையில் எத்தனை முறை ஒரு கையால் கைபேசியை இயக்குகிறீர்கள்? வடிவமைப்பாளர் ஸ்டீவன் ஹூபர் பொது இடங்களில் 1,333 பேர் கைபேசியைக் கையாளும் முறையைக் கவனித்து 2013-இல் வெளியிட்டபோது, அவர்களுள் திரையைத் தொட்டு இயக்கியவர்களில் 49 விழுக்காட்டினர் ஒரே கையால் பிடித்து இயக்கியதைக் கண்டார். மற்றவர்களில் பலர் ஒரு கையில் தாங்கி மறு கையால் தொட்டார்கள். நீங்கள் எப்போதும் மேசையில் வைத்தோ இரு கைகளாலோதான் இயக்குகிறீர்கள் என்றால், சிறிய கைபேசியின் மிகப் பெரிய பயன் உங்களுக்குச் சேராது. அதற்காக மற்றவற்றை இழப்பதிலும் பொருளில்லை.

மூன்றாம் படி: பேட்டரிக் கணக்கைப் போடுங்கள்

சிறிய கைபேசியைப் பற்றிய மிகப் பெரிய அச்சம் இதுதான், அந்த அச்சத்துக்குக் காரணமும் உண்டு. ஆனால் இழப்பு எங்கே நிகழ்கிறது என்பதைப் பலர் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள்.

ஒரே ஆண்டில், ஒரே சிப்போடு வந்த கேலக்ஸி எஸ்25-ஐயும் எஸ்25 அல்ட்ராவையும் எடுத்துக்கொள்வோம். பேட்டரி 4000-க்கு 5000 மில்லி ஆம்பியர் மணி. அதாவது சிறியதில் 20 விழுக்காடு குறைவு. திரையின் பரப்பு மூலைவிட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், 6.2 அங்குலத் திரை 6.9 அங்குலத் திரையைவிட ஏறக்குறைய 19 விழுக்காடு சிறியது. ஆக, திரைக்கு ஒளியூட்டும் செலவு ஏறக்குறைய பேட்டரி குறைந்த அதே அளவில்தான் குறைகிறது. வீட்டு வைஃபையில் உட்கார்ந்து படிப்பவரும் படம் பார்ப்பவரும் பெரிய வேறுபாட்டை உணரமாட்டார்கள். ஆனால் மொபைல் அலைவரிசையைத் தேடும் மோடம், இடங்காட்டி, கேமரா, சிப் ஆகியவை திரை சிறியது என்பதற்காகக் குறைவாக உண்பதில்லை. நாள் முழுதும் பயணத்தில் இருப்பவர், அலைவரிசை வலுவற்ற இடத்தில் வேலை செய்பவர், வழிகாட்டும் வரைபடத்தை மணிக்கணக்கில் ஓடவிடுபவர், பிற கருவிகளுக்கு இணையத்தைப் பகிர்பவர் ஆகியோருக்குத்தான் சிறிய பேட்டரி சீக்கிரம் தீர்ந்துபோகிறது. மினிக் கைபேசி ஒருவருக்கு மாலை வரை தாங்கியதும் இன்னொருவருக்கு மதியத்திலேயே அடங்கியதும் இதனால்தான். இருவர் சொன்னதும் உண்மை.

உடல் மிகவும் சிறியதாகும்போது நிலைமை கடுமையாகிறது. சிப்பும் மின்சுற்றுப் பலகையும் கேமராவும் ஒலிபெருக்கியும் உடலுக்கு ஏற்றபடி சுருங்குவதில்லை. அவை எடுத்துக்கொண்டது போக மிச்சமுள்ள இடம்தான் பேட்டரிக்கு. ஆப்பிள் தந்த கணக்கின்படி தொடர்ந்து காணொளி ஓடும் நேரம் ஐஃபோன் 13 மினியில் 17 மணி, 13-இல் 19 மணி, 13 புரோ மேக்ஸில் 28 மணி. 13 மினியின் திரைப் பரப்பு புரோ மேக்ஸின் திரையில் 65 விழுக்காடு இருக்கிறது. ஓடும் நேரமோ 61 விழுக்காடுதான்.

உங்கள் தேவையை அறிய ஓர் எளிய வழி உண்டு. இப்போதைய கைபேசியின் பேட்டரி அளவைக் குறித்துக்கொண்டு, ஒரு வாரம் இரவு படுக்கும்போது எத்தனை விழுக்காடு செலவாகியிருக்கிறது என்று எழுதி வாருங்கள். 5000 மில்லி ஆம்பியர் மணியில் நாளொன்றுக்கு 60 விழுக்காடு செலவானால் உங்கள் தேவை 3000. புதிய கைபேசியின் கொள்ளளவு அதைப்போல் ஒன்றரை மடங்காவது இருந்தால்தான், பேட்டரி முதுமையடைந்த பிறகும் நாள் முழுதும் தாங்கும். பழைய கைபேசியின் பேட்டரி ஏற்கெனவே தேய்ந்திருந்தால், அதன் உண்மைக் கொள்ளளவு குறைந்திருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஐஃபோனிலும் சில ஆண்ட்ராய்டு கைபேசிகளிலும் பேட்டரி நலம் என்ற பகுதியில் அது தெரியும்.

முதுமை என்றேன், சிறிய பேட்டரி வேகமாக முதுமையடைகிறது என்பது அதிகம் பேசப்படாத இழப்பு. பேட்டரியின் ஆயுள் முழுச் சுற்றுகளால் அளக்கப்படுகிறது; முழுக் கொள்ளளவுக்குச் சமமான மின் செலவானால் அது ஒரு சுற்று. ஐஃபோன் 14 வரையிலான கைபேசிகளின் பேட்டரி 500 முழுச் சுற்றுக்குப் பிறகும் 80 விழுக்காடு கொள்ளளவைத் தக்கவைக்கும் வகையில் உருவாக்கப்பட்டது என்று ஆப்பிள் கூறுகிறது. 15 முதல் அது 1000 சுற்று. நாளொன்றுக்கு 3000 செலவழிப்பவர் 2400 கொள்ளளவுள்ள பேட்டரியில் ஒரு நாளில் ஒன்றேகால் சுற்று முடிக்கிறார். 500 சுற்று 400 நாளில் தீர்ந்துவிடும். அதே செலவு 6000 கொள்ளளவில் நாளுக்கு அரைச் சுற்றுதான். 500 சுற்றுக்கு 1000 நாள் ஆகும். சிறிய கைபேசியை வாங்குபவர் இரண்டாம் ஆண்டிலோ மூன்றாம் ஆண்டிலோ பேட்டரியை மாற்றுவதற்கும் சேர்த்தே திட்டமிட வேண்டும்.

இந்த இடத்தில் நம்பிக்கை தரும் மாற்றம் ஒன்று நிகழ்ந்துகொண்டிருக்கிறது. லித்தியம் பேட்டரியின் எதிர்மின்வாயில் இதுவரை கிராஃபைட்டே இருந்துவந்தது; ஒரு கிராம் கிராஃபைட் கோட்பாட்டளவில் 372 மில்லி ஆம்பியர் மணியைத்தான் தாங்கும். சிலிக்கான் ஏறக்குறைய அதைப்போல் பத்து மடங்கு தாங்கும். ஆனால் லித்தியத்தை உள்வாங்கும்போது சிலிக்கான் மூன்று மடங்குக்கும் மேல் பருத்து, மின்னை இழக்கும்போது சுருங்குவதால் விரைவில் நொறுங்கிவிடும். சிலிக்கானை நுண்துகளாக்கிக் கார்பனோடு பிணைத்து இந்தச் சிக்கலைக் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகு, 2023-இல் ஹானர் தன் மேஜிக்5 புரோவின் சீனப் பதிப்பில் அதைப் பயன்படுத்தியது. தொடர்ந்து மற்றச் சீன நிறுவனங்களும் பின்பற்றின. விளைவு சிறிய கைபேசிகளில்தான் மிகத் தெளிவாகத் தெரிகிறது. விவோ எக்ஸ்200 எஃப்இ-யின் உடல், பருமனில் பிக்சல் 9 புரோவைவிடச் சற்றுச் சிறியது. பேட்டரியோ 4700-க்கு எதிராக 6500. ஒன்பிளஸ் 13எஸ் 5850 கொண்டது. சிறிய உடலையும் நீண்ட நேரத்தையும் ஒருங்கே விரும்புபவர் முதலில் பார்க்க வேண்டியவை இந்த வகைக் கைபேசிகளே. ஒரே பெயருள்ள கைபேசியின் பேட்டரி நாட்டுக்கு நாடு வேறுபடுவதும் உண்டு. ஷாவ்மி 15 சீனாவில் 5400, உலகப் பதிப்பில் 5240. நீங்கள் வாங்கும் பதிப்பின் விவரத்தையே பாருங்கள்.

நான்காம் படி: வெப்பத்தையும் வேகத்தையும் சோதியுங்கள்

எஸ்25-இலும் அல்ட்ராவிலும் இருப்பது ஒரே சிப் என்றேன். ஆனால் வெப்பம் வெளியேறும் மேற்பரப்பு எஸ்25-இல் சுமார் 238 சதுர செ.மீ., அல்ட்ராவில் சுமார் 292 சதுர செ.மீ. சில நொடி வேலைகளில் இரண்டும் ஒரே வேகத்தில் ஓடும். அரை மணி நேரம் கனமான விளையாட்டையோ உயர்தரக் காணொளிப் பதிவையோ தொடர்ந்தால், சிறியது முன்னதாகச் சூடேறி, தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். திரையின் ஒளியையும் சில நேரம் குறைக்கும். தொடக்க நிமிடத்து மதிப்பெண்ணைக் காட்டும் சோதனை முடிவுகளை ஒதுக்கிவிட்டு, இருபது முப்பது நிமிடத்துக்குப் பிறகான முடிவுகளைத் தேடுங்கள். விளையாட்டில் ஆர்வம் இல்லாதவர் இந்தப் படியைத் தாண்டிச் செல்லலாம்.

ஐந்தாம் படி: கேமராவில் எது குறைக்கப்பட்டிருக்கிறது

தொலைவைக் கிட்டத்தில் காட்டும் பெரிஸ்கோப் வகை லென்ஸுக்கு ஒளியை மடக்கிப் படுக்கைவாட்டில் செலுத்த இடம் வேண்டும். ஒளியைப் படமாகப் பதியும் சென்சார் பெரிதானால் அதற்குத் தடிமன் வேண்டும். 2023-இல் ஐஃபோன் 15 புரோ மேக்ஸுக்கு மட்டும் ஐந்து மடங்கு தொலைநோக்கு கிடைத்து, சிறிய 15 புரோ மூன்று மடங்கோடு நின்றது. அடுத்த ஆண்டே 16 புரோவிலும் அது வந்துவிட்டது. கூகுள் இதில் பாராட்டத்தக்க முறையில் நடந்துகொண்டது: பிக்சல் 9 புரோவுக்கும் பெரிய எக்ஸ்எல்லுக்கும் ஒரே கேமராத் தொகுதி. சாம்சங்கில் எஸ்25-க்கும் அல்ட்ராவுக்கும் இடையே வேறுபாடு பெரிது. ஆகவே இந்த இழப்பு சில வேளை இயற்பியலால் வருகிறது, சில வேளை விற்பனைத் திட்டத்தால் வருகிறது. இரண்டையும் பிரித்தறிய, ஒரே நிறுவனத்தின் சிறிய, பெரிய கைபேசிகளின் கேமரா வரிசைகளை அருகருகே வைத்து ஒப்பிட்டாலே போதும். மின்னேற்றும் வேகத்தையும் அதே கண்ணோடு பாருங்கள்: எஸ்25 25 வாட், அல்ட்ரா 45 வாட்.

ஆறாம் படி: தமிழில் படித்தும் தட்டியும் பாருங்கள்

ஒப்பீடுகளில் இடம்பெறும் படங்கள் பெரும்பாலும் ஆங்கில எழுத்தைக் கொண்டவை. தமிழ் எழுத்துகள் அகலமானவை, நம் சொற்கள் நீளமானவை. ‘ணை’, ‘ஞௌ’ போன்ற எழுத்துகள் ஒரு வரியில் எவ்வளவு இடம் எடுத்துக்கொள்கின்றன என்பதைக் குறுகிய திரையில்தான் முழுதாக உணர்வோம். ஒரு நீண்ட வினைச்சொல் வரியின் பாதியை அடைத்துக்கொண்டு, அடுத்த சொல் கீழே இறங்கி, வலப்புறம் வெற்றிடம் விடுவது வழக்கம். ‘ண’வும் ‘ன’வும், ‘ழ’வும் ‘ழி’யும் தெளிவாகப் பிரிந்து தெரிய வேண்டுமானால் எழுத்தைச் சற்றுப் பெரிதாக்க வேண்டியிருக்கும், பெரிதாக்கினால் திரையில் கொள்ளும் வரிகள் குறையும். எழுத்தின் கூர்மைக்கு இங்கே குறையில்லை. 13 மினியின் திரையில் அங்குலத்துக்கு 476 படப்புள்ளிகள் உள்ளன. குறைவது இடம்தான். நாற்பது வயதைக் கடந்து, அருகில் உள்ளதைப் படிப்பதில் சிரமம் உள்ளவர் இதை மிகுந்த கவனத்தோடு எடைபோட வேண்டும், ஏனெனில் சிறிய திரையைக் கண்ணருகே கொண்டுவந்து ஈடுசெய்யும் வழி அவருக்கு இல்லை.

தட்டச்சில் கணக்கு இன்னும் கறாரானது. 5.4 அங்குலத் திரையின் அகலமான 57.5 மி.மீ.யில் பத்து விசைகள் நின்றால் ஒரு விசைக்கு 5.7 மி.மீ. கிடைக்கும், 6.9 அங்குலத்தில் 7.3 மி.மீ. கிடைக்கும். 12 உயிரெழுத்தையும் 18 மெய்யெழுத்தையும் நேரடியாக இடம்பெறச் செய்யும் தமிழ் விசைப்பலகையில் வரிசைக்கு 11 விசை வந்தால், சிறிய திரையில் அது 5.2 மி.மீ. ஆகச் சுருங்கும். தமிழ்99 என்னும் விசைப்பலகை முறையில் பழகியவர் வாங்கும் முன் தன் விசைப்பலகையை அந்தக் கைபேசியில் ஒரு பத்தியளவு தட்டிப் பார்ப்பது நல்லது. ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழாக்கும் முறையில் விசை சற்றுப் பெரியது, ஆனால் தட்டும் எண்ணிக்கை கூடுதல். ஒரு விசை தவறினால் சொல்லே வேறாகிவிடும். குரலால் தமிழை உள்ளிடுவது இன்று ஓரளவு நம்பத்தக்கதாகியிருப்பதால், நீண்ட செய்திகளை அப்படி எழுதிக்கொள்பவருக்கு இந்தக் குறை பாதியாகிவிடும்.

விசைப்பலகை திறந்திருக்கும்போது மேலே எத்தனை வரி தெரிகிறது என்பதையும் பாருங்கள். எஸ்இ-யும் 13 மினியும் அகலத்தில் ஒரே அமைப்பைக் காட்டினாலும், மினியின் நீண்ட திரை உரையாடலின் முந்தைய வரிகளுக்குக் கூடுதல் இடம் விட்டது. அலுவலக மின்னஞ்சல்களுக்குக் கைபேசியிலேயே பதில் எழுதுபவருக்கு இது சிறிய செய்தியன்று.

ஏழாம் படி: புதியதா, பழைய சிறியதா, மடிப்பதா

6.2 அங்குலமும் பெரிது என்று உங்கள் அட்டை சொல்லிவிட்டால் மூன்று வழிகள் எஞ்சுகின்றன.

முதலாவது, பயன்படுத்திய 13 மினியையோ சென்ஃபோன் 10-ஐயோ வாங்குவது. இதில் மென்பொருள் ஆதரவுதான் முதல் கேள்வி. ஐஃபோன் 13 மினிக்கு 2025-இல் வந்த ஐஓஎஸ் 26 கிடைக்கிறது. ஆயினும் அது 2021-ஆம் ஆண்டுக் கைபேசி, எஞ்சிய ஆண்டுகள் குறைவு. ஒப்பிட்டுப் பார்க்க, பிக்சல் 8 முதலும் கேலக்ஸி எஸ்24 முதலும் ஏழு ஆண்டு ஆதரவு உறுதியளிக்கப்படுகிறது. பழையதை வாங்குபவர் பேட்டரியைப் புதிதாக மாற்றிக்கொண்டே தொடங்க வேண்டும். தேய்ந்த பேட்டரியோடு மினியை மதிப்பிடுவது அந்தக் கைபேசிக்குச் செய்யும் அநீதி.

இரண்டாவது, யூனிஹெர்ட்ஸ் போன்ற சிறு நிறுவனங்களின் மிகச் சிறிய கைபேசிகள். 2023-இல் வந்த ஜெல்லி ஸ்டாரின் திரை 3 அங்குலம்; அகலம் 50 மி.மீ.க்குள் அடங்கும், தடிமனோ 18.7 மி.மீ. உடற்பயிற்சிக்கோ, திரையிலிருந்து விலகியிருக்க விரும்பும் நாள்களுக்கோ இரண்டாம் கைபேசியாக இது பொருந்தும். முதன்மைக் கைபேசியாகக் கொள்ள நான் பரிந்துரைக்கமாட்டேன், ஏனெனில் செயலிகள் பலவும் இந்த அளவை நினைத்து வடிவமைக்கப்படுவதில்லை. பொத்தான்கள் திரைக்கு வெளியே போய்விடும்.

மூன்றாவது, குறுக்காக மடியும் கைபேசி. கேலக்ஸி இசட் ஃபிளிப்7 மடித்தால் 85.5 மி.மீ. உயரத்தில் பைக்குள் அடங்கிவிடும், விரித்தால் 6.9 அங்குலம், அகலம் 75.2 மி.மீ. பைக்குச் சிறியது வேண்டும் என்பவருக்கு இது நல்ல விடை. கைக்குச் சிறியது வேண்டும் என்பவருக்கு இது விடையே அன்று. இந்த இரண்டு தேவைகளையும் ஒன்றெனக் கருதி மடிப்புக் கைபேசி வாங்கி வருந்துபவர்கள் இருக்கிறார்கள்.

எட்டாம் படி: வாங்கிய முதல் வாரத்தில்

திருப்பிக் கொடுக்கும் கால எல்லை எத்தனை நாள் என்று வாங்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். முதல் நாளே அமைப்புகளைச் சரிசெய்யுங்கள். ஆண்ட்ராய்டில் எழுத்தின் அளவும் திரைப்பொருள்களின் அளவும் தனித்தனி அமைப்புகள்; முன்னதைக் கூட்டி, பின்னதைக் குறைத்தால், எழுத்து பெரிதாகவும் பொத்தான்களும் இடைவெளிகளும் சிறிதாகவும் அமைந்து, சிறிய திரையில் இடம் மிச்சமாகும். செயலிகளின் தேடல் பட்டையையும் உலாவியின் முகவரிப் பட்டையையும் கீழே கொண்டுவரும் வசதி இருந்தால் இயக்குங்கள். திரையின் மேற்பகுதியைக் கீழே இழுத்துத் தரும் ஒரு கை முறை ஐஃபோனில் 2014 முதலும் ஆண்ட்ராய்டில் 12-ஆம் பதிப்பு முதலும் இருக்கிறது, 147 மி.மீ. உயரத்தையும் கட்டைவிரலுக்குள் கொண்டுவர அது உதவும்.

பேட்டரியை முதல் இரண்டு நாள்களில் மதிப்பிடாதீர்கள். பழைய கைபேசியிலிருந்து படங்களையும் செயலிகளையும் மாற்றும்போதும், அவற்றைப் பின்னணியில் வகைப்படுத்தும்போதும் செலவு இயல்பைவிட மிகுந்திருக்கும். மூன்றாம் நாளிலிருந்து, மூன்றாம் படியில் சொன்ன அதே முறையில் இரவுதோறும் குறித்து வாருங்கள். மிகவும் அலைச்சலான ஒரு நாளும் அந்தக் குறிப்பில் இடம்பெற வேண்டும். அந்த நாளின் இறுதியில் 20 விழுக்காட்டுக்கு மேல் எஞ்சியிருந்தால் கைபேசியை வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சாவிட்டால், கையோடு ஒரு பவர் பேங்க் சுமக்கச் சம்மதமா என்று கேட்டுக்கொள்ளுங்கள், ஏனெனில் சிறிய கைபேசியும் பவர் பேங்கும் சேர்ந்த எடை, வேண்டாம் என்று தள்ளிய பெரிய கைபேசியின் எடையைத் தாண்டிவிடும். சம்மதமில்லையெனில் கால எல்லைக்குள் திருப்பிக் கொடுத்துவிட்டு, அதே அகலத்தில் சிலிக்கான் கார்பன் பேட்டரி உள்ள ஒன்றைத் தேடத் தொடங்கலாம்.